எனக்கு நானே போட்ட மார்க்

ஆகஸ்ட் 29, வெள்ளி

வந்து சேர்ந்தாச்சு. ரயிலை விட்டு இறங்கினா பிளாட்பாரத்துல ஒரு ஈ காக்கா இல்லை. நெதர்லாந்துன்னு பேருதான் பெருசு, இந்த ஊர் நம்ம ராசிபுரத்துல பாதிகூடத் தேறாது. மூணாவது மாடியில எனக்கு ஒரு ரூம். வரிசையா எட்டு ரூம், எல்லாருக்கும் சேர்த்து ஒரு சமையலறை. ஜன்னலைத் திறந்தா சைக்கிள். சைக்கிளுக்குப் பின்னாடி இன்னும் சைக்கிள்.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்பா வெச்ச ஃபிளெக்ஸ் இந்நேரம் காத்துல ஆடிக்கிட்டு இருக்கும். "கால்நடை அறிவியல் பயில நெதர்லாந்து செல்லும் எங்கள் குலவிளக்கு சிந்துஜா"ன்னு என் போட்டோ, பக்கத்துலயே ஒரு கோழி போட்டோ. கோழி என்னைவிட நல்லா விழுந்திருந்துச்சு. நாப்பதாயிரம் முட்டைக் கோழி வெச்சிருக்கற பண்ணைக்காரர் பொண்ணுன்னா இதெல்லாம் தாங்கித்தான் ஆகணும்.

இங்க ஒரு ரூல் இருக்குது. மொத வருஷம் அறுபது புள்ளி. அதுல நாப்பத்திரண்டாவது எடுக்கணும். எடுக்கலேன்னா படிப்பை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான், விசாவும் போயிரும். அப்பாகிட்ட சொன்னேன். "அறுபதும் எடுத்துரு அம்மிணி, எதுக்கு வெசனம்"னாரு. அவரு கவலையெல்லாம் அவ்வளவு சுலபமா தீர்ந்துரும்.

செப்டம்பர் 4, வியாழன்

சமையலறைச் சுவத்துல ஒரு வெள்ளைப் பலகை. எட்டு பேரு பேரும் எழுதி, கிழமை போட்டுக் கட்டம் கட்டியிருக்குது. யாரு சாப்பிட வர்றாங்களோ அவங்க டிக் போடணும், அன்னைக்கு சமைக்கறவங்க எண்ணிப் பார்த்து சமைப்பாங்க. கடைசியில என் பேரு. எதிர் ரூம் ஃபெம்கேதான் எழுதினாளாம். என் கிளாஸ்தான் அவளும். ஆறடி உயரம், நெஞ்சுல ஒண்ணு வெளியில ஒண்ணு கிடையாது.

நானா போய் டிக் போடறதா? யாரும் கூப்பிடாம பந்தியில உக்கார்ற மாதிரியில்ல இருக்குது.

இன்னைக்கு அவளே கதவைத் தட்டி, "பாஸ்தா பண்றேன், சாப்பிடறியா?"ன்னு கேட்டா. "பரவால்ல, இப்பத்தான் சாப்பிட்டேன்"னேன். சாப்பிடலை. நம்ம பக்கம் ஒறம்பரை, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா மொதல்ல வேண்டாம்னுதானே சொல்லுவோம்? அவங்க விட மாட்டாங்க. "அட சும்மா உக்காரு"ன்னு கையைப் பிடிச்சு இழுப்பாங்க. மூணாவது தடவைதான் உக்காருவோம். இவ "ஓகே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. கதவைக்கூட அவளே சாத்திட்டா.

ரூம்ல அம்மா கொடுத்த முறுக்கு. அடுப்பங்கரையில இருந்து பூண்டு வாசம் வேற.

செப்டம்பர் 21, ஞாயிறு

அப்பா போன் பண்ணினாரு. ஸ்பீக்கர்ல போட்டுட்டாரு. சித்தப்பா, பெரிய மாமா, தீவனக் கம்பெனி ஆளுன்னு ஊர்ல பாதி அங்கதான் இருந்துச்சு. "என்ற பொண்ணு அங்க வெள்ளைக்காரனுக்கே கோழி வளர்க்கச் சொல்லித் தரப்போறா"ன்னு பின்னாடி சிரிப்பு. எப்படி இருக்கேன்னு கேட்டாரு, சூப்பரா இருக்கேன்பான்னேன். கடைசியில அம்மாகிட்ட போனைக் கொடுத்தாரு. "நல்லா இருக்கியா கண்ணு"ன்னு கேட்டுட்டு, நான் ஆமாங்கறதுக்குள்ள திருப்பி அப்பாகிட்டயே கொடுத்துட்டாங்க. அம்மாவுக்குப் போன்ல எப்பவுமே பேச வராது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கெமிஸ்ட்ரி லேப் நாலு மணி நேரம்.

நவம்பர் 14, வெள்ளி

மொத ரெண்டு பாடமும் பாஸ். பன்னிரண்டு புள்ளி. ரெண்டுலயும் பத்துக்கு ஏழு. இங்க ஆறு எடுத்தா பாஸ், ஏழு வாங்கினா கேக் வெட்டறாங்க. பத்து யாருக்குமே போட மாட்டாங்களாம். அப்பாகிட்ட சொன்னேன். "மீதி மூணு எங்க போச்சு?"ன்னாரு. விளக்கினேன். "சரி சரி, வெளிய கேட்டா தொண்ணூத்தேழுன்னு சொல்லிக்கறேன்"னாரு. எப்படிக் கணக்குப் போட்டாரோ தெரியலை.

ஃபெம்கே அப்புறம் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டா இந்தத் தடவை ஒரே தடவையில ஒத்துக்கலாம்னு இருந்தேன்.

டிசம்பர் 24, புதன்

எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. எட்டு ரூமுக்கு நான் ஒருத்தி. சமையலறை மொத்தமும் என்னுது. ஆசையா ரசத்துக்குத் தாளிச்சேன், மிளகாய் கருகி, கூரையில இருக்கற புகை மணி அடிச்சுருச்சு. நாற்காலி மேல ஏறித் துண்டை வீசி வீசி நிறுத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. யாரும் வரலை. யாராவது வந்து ஒரு திட்டு திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

ரசம் உப்பு.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நாலு நாளா யார்கிட்டயும் வாயைத் திறந்து பேசலைன்னு இன்னைக்கு சூப்பர் மார்க்கெட்ல "பை வேண்டாம்"னு சொல்றப்பத்தான் தெரிஞ்சுது. தொண்டை கட்டியிருந்துச்சு.

பிப்ரவரி 10, செவ்வாய்

கெமிஸ்ட்ரி போன மாசமே ஊத்திக்கிச்சு. இன்னைக்கு மறுதேர்வு. இங்க பரீட்சைக்கு நாமளே முன்கூட்டிப் பேரைப் பதியணும். நான் பதியலை, மறந்துட்டேன். ரெண்டு தடவை மெயில் வந்துச்சுதான். போகட்டும், இன்னும் பாடம் இருக்குது.

ஏப்ரல் 27, திங்கள்

இதுவரைக்கும் முப்பத்தாறு புள்ளி, கெமிஸ்ட்ரியோட பன்னிரண்டு போனது போனதுதான். இன்னும் ஆறு வேணும். மிச்சம் இருக்கறது புள்ளியியல் ஒண்ணு, குழு வேலை ஒண்ணு. ரெண்டும் ஆறு ஆறு. ஏதாவது ஒண்ணு தேறினாப் போதும்.

மே 12, செவ்வாய்

குழு வேலை ஆரம்பம். நாலு பேரு. ஃபெம்கே, ஜெர்மனிக்காரி லீசா, பால் பண்ணைக்காரர் மகன் யூஸ்ட், அப்புறம் நான். ஒரு மணி நேரத் தொலைவுல ஒரு கோழிப் பண்ணை, அங்க கோடையில ஷெட்டு சூடாகி முட்டை குறையுதாம். வழி கண்டுபிடிச்சு எழுதிக் கொடுக்கணும்.

இன்னைக்கு எங்களைக் கூட்டிப் போனாங்க. கூண்டே கிடையாது. பன்னிரண்டாயிரம் கோழியும் தரையில திரியுது. உள்ள காலை வெச்ச உடனே நம்ம பண்ணையோட அதே வாசம் மூக்குல ஏறுச்சு பாரு, கண்ணுல கரகரன்னு தண்ணி. லீசா பயந்துபோய் என்னாச்சுன்னா. கோழி எச்சத்து அமோனியான்னு சொல்லிச் சமாளிச்சேன்.

மத்தவங்க எல்லாம் நிமிர்ந்து காத்தாடியைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் கோழியைப் பார்த்தேன். கோடிப் பக்கம் இருக்கறதெல்லாம் இறக்கையை விரிச்சுக்கிட்டு, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. நம்ம ஊர்ல சித்திரை மாசம் எல்லாக் கோழியும் அப்படித்தான் நிக்கும், அப்பவே தண்ணி அடிக்கலேன்னா பொழுதோட அள்ளிக் குழியில போட வேண்டியதுதான். ஆனா இங்க தெர்மாமீட்டர் இருபத்தி நாலுன்னு காட்டுது. அது தொங்கறது மனுசன் தலை உயரத்துல. கோழி எங்க நிக்குது? நான் உக்காந்து கோழி உயரத்துல வெச்சுப் பார்த்தேன். இருபத்தொன்பது. காத்து கீழ இறங்கவே இல்லை. ஃபெம்கே காதுல மட்டும் சொன்னேன். அவ எல்லாருக்கும் கேக்கற மாதிரி கத்திட்டா.

மே 29, வெள்ளி

சூட்டுக் கணக்கு மொத்தமும் நான் போட்டேன். ஒரு கோழி எவ்வளவு சூடு விடுது, எவ்வளவு காத்து வேணும், காத்தாடியை எங்க இறக்கி மாட்டணும்னு மொத்தம் பதினோரு அட்டவணை. யூஸ்ட் போட்ட காத்தாடிக் கணக்குல ஒரு சைபரைக் காணோம். அவன்கிட்ட சொன்னா சங்கடப்படுவான்னு நானே திருத்தி வெச்சுட்டேன். அவன் கவனிக்கக்கூட இல்லை.

பண்ணைக்காரர் முன்னாடி யூஸ்ட்தான் பேசினான். "இதை யாரு கண்டுபிடிச்சது?"ன்னு அவரு கேட்டாரு. மூணு பேரும் என்னைப் பார்த்தாங்க. நான் ஷூவைப் பார்த்தேன். "எல்லாரும் சேர்ந்துதான்"னேன்.

இந்த மூணு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். சாயந்தரம் ரூமுக்கு வந்தாத்தான் பழையபடி.

ஜூன் 11, வியாழன்

புள்ளியியல் பரீட்சை. போகலை. அலாரம் அடிக்கலை. அடிச்சிருக்கும், எனக்குக் கேக்கலை.

ஜூன் 16, செவ்வாய்

குழுவுக்கு எட்டு மார்க். பெரிய மார்க்காம், யூஸ்ட் லீசாவைத் தூக்கிச் சுத்தினான்.

ஆனா இதோட முடியலை. ஒரு படிவம் அனுப்பியிருக்காங்க. குழுவுல யாரு எவ்வளவு வேலை செஞ்சாங்கன்னு ஒவ்வொருத்தரும் மத்த மூணு பேருக்கும் மார்க் போடணும். தனக்கும் தானே போட்டுக்கணும், காரணமும் எழுதணும். அதை வெச்சுத்தான் தனித்தனி மார்க். நல்லா இருக்குதே கூத்து! தன்னைத் தானே மெச்சிக்கறதுக்கு ஒரு படிவமா? நம்ம வீட்டுல யாராவது அப்படிப் பேசினா, தலைக்கனம் பிடிச்ச கழுதைம்பாங்க.

மூணு பேருக்கும் ஒன்பது ஒன்பது போட்டேன். எனக்கு நாலு. காரணம்: "இன்னும் நல்லா செஞ்சிருக்கலாம்." நம்ம வளர்ப்பு அப்படி. வேற ஒண்ணும் இல்லை.

ஜூன் 22, திங்கள்

குழு வேலைப் பாடத்தை நடத்தற மேடம், பேரு இங்கெ, அவங்ககிட்ட இருந்து மெயில். வந்து மூணு நாள் ஆச்சாம். இன்னைக்குத்தான் திறந்தேன். நான் எனக்குப் போட்டதுக்கும் மத்தவங்க எனக்குப் போட்டதுக்கும் நெம்ப வித்தியாசம் இருக்குதாம், அதனால என் மார்க்கை நிறுத்தி வெச்சிருக்காங்க. நேர்ல வந்து பேசணும். வெள்ளி சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள படிவம் சரியாகலேன்னா பாடம் முடிக்கலைன்னு கணக்கு.

முடிக்கலைன்னா முப்பத்தாறோட நிக்கும். முப்பத்தாறுன்னா ஊருக்கு.

ஜூன் 24, புதன்

போனேன். இங்கெ மேடம்னு கூப்பிட்டா, வெறும் இங்கென்னு கூப்பிடச் சொல்றாங்க. எனக்கு வாய் வரலை. ரொட்டியைக் கடிச்சுக்கிட்டே பேசினாங்க. பேச்சுல சுத்தி வளைக்கறதே கிடையாது.

"உனக்கு அவங்க எட்டரை, ஒன்பது, எட்டு போட்டிருக்காங்க. நீ நாலு போட்டிருக்கே. ஒண்ணு அவங்க மூணு பேரும் பொய், இல்ல நீ பொய். எது?"

"அது வந்து... ஒரு மரியாதைக்குத்தான் அப்படிப் போட்டேன்."

"யாருக்கு மரியாதை?"

நெசமாவே யாருக்குன்னு தெரியலை. அவங்க கம்ப்யூட்டரைத் திருப்பிப் பார்த்தாங்க.

"கெமிஸ்ட்ரி மறுதேர்வுக்கு நீ பதியலை. புள்ளியியலுக்கு வரலை. இப்ப இது. உனக்கு இங்க இருக்கணுமா, வேண்டாமா?"

நான் மேசை மேல உதிர்ந்த ரொட்டித் தூளை எண்ணிக்கிட்டு இருந்தேன்.

"எனக்குத் தெரிய வேண்டியதில்லை. உனக்குத் தெரிஞ்சாப் போதும். உன் மார்க்கை நான் மாத்த முடியாது, நீதான் மாத்தணும். வெள்ளி, அஞ்சு மணி"ன்னு சொல்லிட்டு மிச்ச ரொட்டியைச் சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.

ஜூன் 25, வியாழன்

தண்ணி பிடிக்கப் போன இடத்துல ஃபெம்கே மடக்கிட்டா. மேடம் அவங்க மூணு பேரையும் கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க போல. மூஞ்சி செவந்து கெடக்குது.

"நாலா? உனக்கு நாலுன்னா எனக்கு என்ன, ரெண்டா? நான் உக்காந்து யோசிச்சு உனக்கு எட்டரை போட்டேன். நீ அதைக் குப்பையில போட்டுட்டே."

மன்னிச்சுக்கோன்னேன். "மன்னிப்பெல்லாம் வேண்டாம், ஏன்னு சொல்லு"ன்னா. எங்க ஊர்ல நாமளே நம்மளைப் பத்தி உசத்தியாச் சொல்ல மாட்டோம், குறைச்சுத்தான் சொல்லுவோம், மத்தவங்கதான் "அட, இல்லம்மா"ன்னு தூக்கி விடணும்னு விளக்கினேன். சாப்பாட்டுக்கும் அப்படித்தான், மூணு தடவை கேக்கணும்னு வாய் தவறி வந்துருச்சு.

அவ குழாயை மூடினா. "அப்போ செப்டம்பர்ல நான் வந்து கேட்டப்ப நீ சாப்பிட்டிருக்கலையா?"

"இல்லை."

"பசியோட இருந்தியா?"

"ஆமா."

"எங்களை உனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன். ஒரு வருஷமா உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு எல்லார்கிட்டயும் நான்தான் சொல்லி வெச்சிருந்தேன்"னா. அதைச் சொல்றப்ப அவ குரலே சரியில்லை. எனக்கு சிரிக்கறதா, சுவத்துல முட்டிக்கறதான்னு தெரியலை.

ரூமுக்கு வந்து உக்காந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. இந்த நோட்டுலயாவது உண்மையை எழுதித் தொலைக்கறேன். மரியாதையும் இல்லை, வளர்ப்பும் இல்லை. வேணும்னேதான் நாலு போட்டேன். மூணு பேரு என்ன போடுவாங்கன்னுகூட நான் யோசிக்கலை. எனக்கு ஊருக்குப் போகணும். நானா திரும்பி வந்தேன்னு இருந்தா அப்பா மூஞ்சியைப் பார்க்க முடியாது. அவங்களே அனுப்பிட்டாங்க, ஆறு புள்ளியில போச்சுன்னு இருந்தா, பாவம் புள்ளைம்பாங்க. கெமிஸ்ட்ரியும் மறக்கலை. அலாரமும் நல்லாக் கேட்டுச்சு, நான்தான் எழுந்து அணைச்சேன். இங்க தனியா இருக்கறது எனக்கு முடியலை. ஒரு நாள்கூட முடியலை.

ஜூன் 26, வெள்ளி

நாலு மணிக்குப் படிவத்தைத் திறந்தேன். சும்மா பார்க்கலாம்னுதான் திறந்தேன்.

"நீங்கள் செய்தது என்ன?"ன்னு ஒரு கட்டம். தெர்மாமீட்டரைக் கோழி உயரத்துல வெச்சுப் பார்த்ததை எழுதினேன். சூட்டுக் கணக்கை எழுதினேன். பதினோரு அட்டவணை. யூஸ்ட் விட்ட சைபரைத் திருத்தினதையும் எழுதி, அழிச்சு, மறுபடி எழுதினேன். எழுத எழுத வந்துக்கிட்டே இருக்குது. படிச்சுப் பார்த்தா யாரோ கெட்டிக்காரப் பொண்ணு செஞ்ச மாதிரி இருந்துச்சு. இதுக்குக் கீழ நாலுன்னு எழுத எனக்குக் கை வரலை. ஊருக்குப் போறதுன்னா, முடியலைன்னு வாயால சொல்லிட்டுப் போகணும். நல்லா செஞ்ச வேலையைக் கேவலப்படுத்திட்டுப் போகக்கூடாது. எட்டு போட்டேன். நாலு முப்பத்தஞ்சுக்கு அனுப்பிட்டேன்.

அனுப்பின கையோட அம்மா நம்பருக்கே போட்டேன். இந்த ஒரு வருஷத்துல அம்மா நம்பருக்கு நானாப் பேசினது இதுதான் மொதத் தடவை. அங்க ராத்திரி எட்டு மணி, அப்பா பண்ணைக்காரங்க சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாரு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். சாப்பிடாம இருந்தது, பரீட்சையைத் தவற விட்டது, நாலு போட்டது, ஏன் போட்டேங்கறது எல்லாமே. ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன். லைன் போயிருச்சோன்னு நெனச்சேன்.

"அம்மா? இருக்கீங்களா?"

"இருக்கறேன்."

"திட்டுங்களேன்."

"நான் எந்த வாய்ல திட்டறது? விஷயம் தெரிஞ்சா நீதான் என்னைத் திட்டுவே." அம்மா மூச்சை இழுத்து விட்டாங்க. "போன வெள்ளிக்கெழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். உங்கப்பா நெய்விளக்குப் போட்டாரு, நீ பாசாகணும்னு. நானும் பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். நான் என்ன வேண்டினேன் தெரியுமா? எப்படியாச்சும் புள்ளையைத் திருப்பி அனுப்பி வுட்ரு ஆத்தான்னு. ஒவ்வொரு வெள்ளியும் அதேதான். போன்ல உன் குரலைக் கேட்டா எங்க வாயைவிட்டு வந்துருமோன்னுதான் உடனே அவருகிட்டக் கொடுத்துருவேன். நான் பெத்தவளா, சொல்லு."

நான் ஜன்னல் கண்ணாடியில நெத்தியை வெச்சுக்கிட்டேன்.

"எட்டை அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்மா."

"இனி மாத்த முடியாதா?"

மணியைப் பார்த்தேன். நாலு நாப்பத்தாறு. "அஞ்சு மணி வரைக்கும் மாத்தலாம்."

"ஓ"ன்னாங்க.

அதுக்கப்புறம் ரெண்டு பேருமே பேசலை. படிவம் என் முன்னாடி திறந்தே கெடக்குது. போன்ல தீவன லாரி பின்னாடி வர்ற சத்தம் கேட்டுச்சு, யாரோ டிரைவருக்கு "வரட்டும் வரட்டும்"னு கத்தினாங்க. அம்மா வளையலைத் தள்ளித் தள்ளி விடற சத்தமும் கேட்டுச்சு. ரெண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்துச்சு, சொல்லலை. மாத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன், சத்தியமா. நான் கேக்கவும் இல்லை. அம்மா மாத்துன்னு சொல்லிருவாங்களோன்னு பயமா இருந்துச்சு, சொல்ல மாட்டாங்களோன்னும் பயமா இருந்துச்சு. பதினாலு நிமிஷம் அப்படியே போச்சு.

படிவம் தானா மூடிக்கிச்சு.

"அஞ்சாயிருச்சும்மா."

"ம்." மூக்கை உறிஞ்சினாங்க. முந்தானையால தொடைச்சிருப்பாங்க. அப்புறம், "ஏங்கண்ணு, அத்தனை வேலை செஞ்சுட்டு எட்டுதான் போட்டியா? ஒன்பது போட்டிருக்கலாமில்ல?"ன்னாங்க.

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்குதில்லம்மா. போட்டுக்கறேன்"னேன்.